முழங்காலும் சங்கீதமும்: வேளாங்கண்ணி, தரங்கம்பாடி

வேளாங்கண்ணியில் துக்கத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பேராலயத்திலிருந்து மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் நின்று பார்த்தால் தெரியும். முழங்காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓர் அம்மா நகர்ந்து வருவார். பத்தடிக்கு ஒருமுறை கையை மணலில் ஊன்றி மூச்சு வாங்குவார். தண்ணீர் பாட்டிலோடு மகள் பக்கத்திலேயே நடப்பாள். என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்பதில்லை. மொட்டை, மெழுகுவர்த்தி, தொட்டில், வெள்ளியில் செய்த கண், கால் என்று மனபாரத்தை உடம்பாலும் பொருளாலும் இறக்கி வைக்கும் இடம் அது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி கட்டி நடந்து வருபவர்களில் இந்துக்களும் ஏராளம்.

தரங்கம்பாடி இதற்கு நேர்மாறு. 2020-இல் மயிலாடுதுறை மாவட்டம் பிரியும்வரை இதுவும் வேளாங்கண்ணியைப் போல நாகை மாவட்டத்தில்தான் இருந்தது. அங்குள்ள லுத்தரன் சபையின் புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. முழங்காலில் நகரும் பாதையோ காணிக்கை உருவங்களோ அங்கே இல்லை. வேதவசனம், ஞானப்பாட்டு, கீர்த்தனை, ஐயர் எனப்படும் போதகர் சொல்லும் ஜெபம், அவ்வளவுதான். துக்கத்துக்கு அங்கே ஒரு வாய் கொடுக்கிறார்கள். அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கும் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். மனச்சோர்வோடு போராடியவர். 1706-இல் வந்திறங்கிய அவரை, இரண்டே ஆண்டுகளில் டேனிஷ் தளபதி நான்கு மாதம் சிறையில் வைத்தான். சிறைக்குள்ளும் அவர் எழுதினார். 36 வயதில் இறப்பதற்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. அவருக்கு மருந்தாக இருந்தது வேதத்தின் சொல்தான்.

இரண்டுக்கும் குறை உண்டு. வேண்டுதல் பலிக்காதபோது, நேர்த்தியில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று தன்னையே நொந்துகொள்ளும் தாய்மாரை வேளாங்கண்ணியில் பார்க்கலாம். தரங்கம்பாடி வழியிலோ, சொல்லே எழாமல் மரத்துப்போனவருக்கு ஜெபப் புத்தகம் எட்டாத உயரத்தில் நிற்கிறது. விசுவாசம் குறைந்ததால்தான் இந்த அழுகை என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் அதோடு ஒடிந்தே போவார்.

2004 டிசம்பர் 26 சுனாமி இரண்டு வழிகளையும் சோதித்தது. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்து, கடற்கரையில் நின்றிருந்த யாத்ரீகர்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஆலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். மாதா காப்பாற்றினாள் என்று பிழைத்தவர் சொல்வது அவருக்கு உண்மை. கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதே சொல்லைச் சொல்ல முடியுமா? தரங்கம்பாடி மீனவர் வீடுகளிலும் அன்று அதே கேள்விதான். அந்தக் கேள்விக்கு முன் நிற்கக்கூடியது சங்கீதம் 88 என்று நினைக்கிறேன். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் எங்காவது நம்பிக்கை எட்டிப்பார்க்கும். இது மட்டும் இருளிலேயே முடிகிறது. அப்படி முடியும் ஒரு ஜெபத்தையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்பது, பதில் கிடைக்காமல் அழுகிறவருக்குப் பெரிய துணை.

என் தீர்ப்பு இது: இடி விழுந்த முதல் நாட்களில் வேளாங்கண்ணியின் வழியே மேல். உடம்புக்கு ஒரு வேலை, கூட்டத்தில் ஒருவராக நடக்கும் துணை, பேசாமல் இருக்கும் உரிமை, இவை அப்போது தேவை. மாதங்கள் கடந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு, வெறும் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தரங்கம்பாடியின் சொல் வேண்டும். கத்தோலிக்கரும் சங்கீதம் படிக்கலாம். லுத்தரன் வீட்டாரும் வேளாங்கண்ணி மணலில் நடக்கலாம். காவிரி டெல்டாவில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இரண்டு ஆலயத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாதவரை, செத்துவிடலாம் என்று பேசுகிறவரை, நேர்ச்சையோடும் ஜெபத்தோடும் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.