ஈரக் குப்பையும் எரிசக்தியும்: புத்தளம் அருவக்காட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் தலைநகரின் குப்பை புத்தளம் மாவட்டத்தை நோக்கித் திருப்பப்பட்டது. களனியில் அமுக்கி, சுமார் 170 கிலோமீற்றர் ரயிலில் கொண்டுவந்து, வண்ணாத்திவில்லுப் பிரிவின் அருவக்காட்டில், சுண்ணாம்புக்கல் அகழ்ந்த நிலத்தில் நாளொன்றுக்கு 1200 தொன் நிரப்புவது திட்டம். அந்தக் குப்பையிலுள்ள சக்தியை எங்கே, எந்த வழியில் மீட்பது பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. ஈரத்தின் கணக்கு

நம் வீட்டுக் குப்பைப் பை ஒன்றை அவிழ்த்துப் பார்த்தால் போதும். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, மீன் செதிலும் குடலும், பூசணித் தோல், வடித்த தேயிலை, அடியில் தேங்கி நாறும் நீர். இலங்கை நகரக் குப்பையில் பாதிக்கு மேல் இப்படி அழுகும் பொருளே. எடையில் 60 சதவீதம் நீர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கிலோ குப்பையில் 600 கிராம் நீர். அதை ஆவியாக்கவே ஏறத்தாழ 1.5 மெகாஜூல் வெப்பம் வேண்டும். எஞ்சும் 400 கிராம் உலர்பொருள் நன்றாக எரிந்தாலும் 6.5 மெகாஜூல் அளவே தரும். கழித்தால் மிஞ்சுவது 5. வேறு எரிபொருள் சேர்க்காமல் உலை தொடர்ந்து எரிய 6 முதல் 7 வரை தேவை. மண்ணும் சாம்பலும் கலந்த குப்பையானால் கணக்கு இன்னும் மோசமாகும். 1200 தொன்னில் 720 தொன் நீர்தான். அதைத்தான் மாவட்டம் விட்டு மாவட்டம் சுமக்கத் திட்டமிட்டிருக்கிறோம்.

3. எரித்த இடங்கள்

டில்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் அமைத்த ஆலை, நாளுக்கு 300 தொன் எரித்து 3.75 மெகாவாட் தர வேண்டியது. சில வாரங்களில் மூடப்பட்டது. குப்பையின் வெப்பம் எதிர்பார்த்ததில் பாதியைக்கூட எட்டவில்லை. வளர்ந்த நாட்டுக் குப்பைக்கு வடிவமைத்த உலை அது. அந்நாடுகளின் குப்பையில் காகிதமும் அட்டையும் அதிகம். கொழும்புக்கு அருகே கெரவலப்பிட்டியவில் 2021இல் 10 மெகாவாட் ஆலை ஒன்று திறக்கப்பட்டது; ஈரத்தின் கணக்கு அதற்கும் பொருந்தும்.

4. வாயுவாக மீட்டல்

ஈரத்தைப் பகையாகக் கருதாத வழி உயிர்வாயு முறைதான். காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் உணவுக் கழிவைச் செரித்து மீதேன் தருகின்றன. நீரை ஆவியாக்கும் செலவே இல்லை. தரம்பிரித்த ஒரு தொன் உணவுக் கழிவு சுமார் 100 கனமீற்றர் வாயு தரும். எஞ்சும் கூழ் தென்னந்தோப்புக்கு உரம்.

இதே வேலை குப்பைமேட்டுக்குள் கட்டுப்பாடின்றி நடந்தால் ஆபத்து. காற்றில் மீதேன் 5 முதல் 15 சதவீதமானால் ஒரு பொறி போதும். 2019 ஓகஸ்டில் குப்பை வரத் தொடங்கிய அருவக்காட்டில் ஒக்டோபரிலேயே வெடிப்பு நேர்ந்தது. சேர்ந்த வாயுவே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது.

5. புத்தளத்தின் நிலை

அருவக்காட்டுத் திட்டத்தை எதிர்த்து 2018இல் தொடங்கி நூறு நாட்களைத் தாண்டிய சத்தியாக்கிரகத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தவரும் அமர்ந்தனர். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையமும் சீமெந்து ஆலையும் ஏற்கெனவே இங்குண்டு. களப்பும் உப்பளமும் மீன்பிடியும் பிழைப்பாகக் கொண்ட மக்கள், இன்னொரு சுமை வேண்டாம் என்றது நியாயம். அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று சொன்னது பெரும் பிழை.

ஆகவே ஈரக் குப்பை கொழும்பிலேயே செரிக்கப்பட வேண்டும். அதற்குச் சமையலறையிலேயே இரண்டு வாளி வேண்டும். புத்தளத்துக்கு வருவதென்றால், பிரித்து உலர்த்திய பகுதி மட்டும், 1450 பாகை வெப்பம் காணும் சீமெந்துச் சூளைக்கு நிலக்கரிக்குப் பதிலாக வரட்டும். சூளைப் புகையின் அளவீடு மாதந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச சபை வாசலில் ஒட்டப்பட வேண்டும். அருவக்காட்டை அண்டிய சேராக்குழி மீனவர் ஒருவர் அதைப் படித்துக் கேள்வி கேட்கக்கூடிய மொழியில்.