சந்தையும் நாணயமும்

'நாணயம்' என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இவ்விரண்டும் பிரியுங்கால் சந்தை நில்லாது என்பதை நாம் வாழும் இம்மாநகரின் வரலாறே நன்கு விளக்குகின்றது.

தாதரில் இரயிலேறிக் கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குச் சென்று உழைத்த தமிழர் பலர், வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருளைப் பங்குகளில் இட்டனர். அப்பங்குகளோ வெறும் தாள்கள். அவை அஞ்சலில் தொலைவதுண்டு, கையொப்பம் மாறுபட்டதெனத் திரும்புவதுண்டு, போலியாய்ப் போவதுமுண்டு.

1850-களில் ஆலமர நிழலில் கூடிய தரகர்கள் 1875-இல் சங்கம் அமைத்தனர். அதுவே பம்பாய்ப் பங்குச் சந்தை. தரகர்க்குள் வாக்குத் தவறாமை ஒழுக்கமாய் இருந்தது. ஆயினும் வெளியிலிருந்து பணம் இட்டவனுக்குக் காவல் யாது?

இவ்வினாவைச் சென்னை முன்னரே எதிர்கொண்டது. 1906-இல் ஆர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்தபோது எண்ணற்றோர் தம் சேமிப்பை இழந்தனர். அத்துயரைக் கண்ட வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று 1907-இல் இந்தியன் வங்கியை நிறுவினர். அழுது அமையாது, அமைப்பொன்றை எழுப்பினர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

1991-இல் நம் நாடு தனியார் தொழிலுக்குக் கதவைத் திறந்தது. மறு ஆண்டே போலி வங்கி இரசீதுகளைக் கொண்டு நிகழ்ந்த பங்கு ஊழல் வெளிப்பட்டது. 1988-இல் தோன்றிய 'செபி' வாரியம் 1992-இல்தான் சட்ட வலிமை பெற்றது. 1994-இல், தாதரை அடுத்த ஒர்லியில், தேசியப் பங்குச் சந்தை கணினித் திரையில் பங்கு வணிகத்தைத் தொடங்கியது. கூச்சலிட்டு விலை பேசிய நிலை மாறி, தொலைவூர்த் தரகரும் ஒரே விலையைக் கண்டனர். 1996-இல் தீர்வகம் கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பேற்றது. அவ்வாண்டே பங்குகள் தாளினின்று கணக்கேட்டுக்கு மாறத் தொடங்கின.

அதே காலத்தில் பொதுவுடைமை அரசு மறைந்த இரஷ்யாவும் சந்தையைத் திறந்தது. ஆனால், காக்கும் சட்டங்கள் வேரூன்றுமுன் 1994-இல் 'எம்.எம்.எம்.' என்னும் மோசடித் திட்டம் சரிய, எளிய மக்கள் திரளாய்ப் பணம் இழந்தனர்.

விடுதலை மட்டும் சந்தையை ஆக்காது. வயலுக்கு நீர் வேண்டும். அந்நீரைக் காக்கக் கரையும் வேண்டும். கரையின்றிப் பாய்ந்த வெள்ளத்தில் முதலில் மூழ்குவது எளியோன் குடிசையே. ஆதலின், கரை காக்கும் அமைப்புகள் உறங்காவண்ணம் விழித்திருந்து கேள்வி கேட்பது, உழைத்துச் சேமிக்கும் நம்மனோர் கடனாகும்.