மயிலும் கௌதாரியும்

ஆற்காட்டிலிருந்து கலவைக்குப் போகும் சாலையோரம், மல்லாட்டைக் கொல்லையில் மயில்கள் மேய்கின்றன. என் சிறுவயதில் இங்கே மயில் முருகன் படத்தில்தான். வேலியோரம் ஓடியது கௌதாரி.

இரண்டும் ஒரே குடும்பம் என்கிறது பறவையியல். ஆனால் பேகன் போர்வை தந்தது மயிலுக்கு. எபிரேயச் சொல்லொன்றுக்கு மூலமாகக் கால்டுவெல் 1856இல் சுட்டியதும் ‘தோகை’யைத்தான். 1963இல் அது தேசியப் பறவையாயிற்று. 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. கௌதாரிக்கு வள்ளலும் இல்லை, வாகன உத்தியோகமும் இல்லை. அதைப் பிடிப்பதும் அதே சட்டப்படி குற்றம்தான். கண்ணி வைப்பவர்கள் சட்டம் படிப்பதில்லை. அது ஒதுங்கிய புதர்களும் மனைகளாகிவிட்டன. நம் சரித்திரத்துக்குத் தோகை வேண்டியிருக்கிறது போலும்.

கொல்லைக்காரர் தகரத்தைத் தட்டினார். அதற்குமேல் அவர் என்ன செய்ய முடியும்? மயில்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தன. வேலிப்பக்கம் ஒரு கௌதாரி கத்திற்று, ஒன்றே ஒன்று.