மிளகுக்காயும் ஒன்றரை மனிதரும்: மகாவம்சத்தின் 25ஆம் அதிகாரத்தில் ஒரு கடன் கணக்கு

மகாவம்சத்தின் 25ஆம் அதிகாரத்தை ஆராய்வோர் பெரும்பாலும் ஓரிடத்தில் வாசிப்பை நிறுத்திக்கொள்கிறார்கள். எல்லாளனை வென்று அனுராதபுரத்தைக் கைப்பற்றிய துட்டகைமுனு, அரண்மனை மாடத்தில் எல்லாச் செல்வமும் சூழ இருந்தும் மகிழ்ச்சி கொள்ளவில்லை. அவன் மனத்தை அறிந்த பியங்குதீவின் அரகந்தர்கள் தம்மில் எட்டுப் பேரை அனுப்புகிறார்கள். பெரும் படையை அழித்த எனக்கு ஆறுதல் எப்படிக் கிட்டும் என்று அரசன் கேட்கிறான். இறந்தவர்களில் மனிதர் என்று கணக்கில் வருவோர் ஒன்றரைப் பேர்தாம், ஒருவர் பஞ்சசீலம் ஏற்றவர், மற்றவர் சரணம் புகுந்ததோடு நின்றவர், ஏனையோர் பொய்க்காட்சியாளர், விலங்குக்கு ஒப்பானவர் என்று அவர்கள் தேற்றுகிறார்கள். வாசிப்பு இங்கே நிற்கிறது. விவாதம் இங்கிருந்து தொடங்குகிறது.

ஒரு சாரார் இதைப் பௌத்தப் புனிதப் போருக்கான சாசனமாகக் கொள்கிறார்கள். மறுசாரார் அரசனின் கலக்கத்தையே முதன்மைப்படுத்தி, கலிங்கப் போருக்குப் பிந்திய அசோகனின் நிழலை அதில் காண்கிறார்கள். மனச்சான்று உறுத்துகிற ஓர் அரசனைப் படைத்ததே நூலாசிரியரின் அறவுணர்வுக்குச் சான்று என்பது அவர்கள் வாதம். இவ்விரு தரப்புக்கும் இடையே எத்தனை பகை இருந்தாலும், அரகந்தர் விடைபெற்றதும் காட்சி முடிந்துவிட்டதாகக் கொள்வதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். காட்சி அங்கே முடியவில்லை. அடுத்து வரும் சில பாடல்களைச் சேர்த்துப் படித்தால், இந்தப் பகுதி போரின் நியாயம் குறித்த கோட்பாடாக எழுதப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அரசன் யாருக்குக் கடன்பட்டவன் என்ற கேள்விக்கு விடையாகவே அது எழுதப்பட்டிருக்கிறது.

அரகந்தர் போன பிறகு அரசன் படுக்கையில் சாய்ந்து வேறொன்றை நினைக்கிறான். சங்கத்துக்குக் கொடாமல் எந்த உணவையும் உண்பதில்லை என்று சிறுவயதில் தாயும் தந்தையும் அவனிடம் உறுதி வாங்கியிருந்தார்கள். அந்த உறுதியை எப்போதாவது மீறியிருக்கிறேனா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். ஒரு நாள் காலை உணவில் ஒரு மிளகுக்காயைச் சங்கத்துக்குப் பங்கு வைக்காமல் நினைவின்றி உண்டது அவனுக்குப் புலப்படுகிறது. இதற்கு நான் தண்டம் செய்தாக வேண்டும் என்று முடிவெடுக்கிறான்.

ஒரே இரவு, ஒரே படுக்கை, இரண்டு குற்றங்கள். பெரும் படையைக் கொன்ற குற்றம் சில சொற்களில் கரைகிறது. மிளகுக்காயைத் தனித்து உண்ட குற்றத்தைக் கரைக்க எந்த அரகந்தரும் வருவதில்லை. அதற்கு ஒரு விகாரையே எழும்ப வேண்டியிருக்கிறது. 26ஆம் அதிகாரம் முழுக்க அந்த விகாரையின் கதைதான். போருக்குப் புறப்படுமுன் புத்தரின் தாது ஒன்றைத் தன் ஈட்டியில் பதித்துக்கொண்டவன் துட்டகைமுனு. முடிசூடிய பின் நீர்விளையாட்டுக்குச் சென்ற இடத்தில் அந்த ஈட்டியை நட்டு வைக்கிறார்கள்; பிறகு யாராலும் அதை அசைக்க முடியவில்லை. அங்கேயே தூபி எழுகிறது, விகாரை எழுகிறது. திறப்பு விழாவில் கூடிய பிக்குகளிடம் அரசன் தன் பிழையை வாய்விட்டுச் சொல்கிறான். அவன் அறிக்கையிடுவது மிளகுக்காயைப் பற்றி. செலவு 19 கோடி என்று நூல் குறித்து வைக்கிறது. இன்று மிரிசவெட்டிய என்று வழங்கும் தாதுகோபம் அதுதான். கொலைக்கருவியே கருவறைப் பொருளாகிவிட்ட இடத்தில், கொலை பற்றிய பேச்சு ஒன்றுகூட எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தேற்ற வந்தவர்கள் ஏன் பியங்குதீவிலிருந்து வந்தார்கள்? இந்தக் கேள்வி போதிய கவனம் பெறவில்லை. விடை 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எல்லாளனோடு பொருதுவதற்கு முன்பே துட்டகைமுனு தன் தம்பி தீசனோடு பொருதியவன். சூளங்கணியப் போர்க்களத்தில் ஆயிரக்கணக்கான தன் வீரர்களைப் பலிகொடுத்துத் தோற்று ஓடுகிறான். பசி வாட்ட, உடனிருந்த அமைச்சன் கட்டிவந்த உணவை எடுக்கும்போதும் சங்கத்துக்குக் கொடாமல் உண்ண மறுத்து, உண்ணும் வேளையை உரக்க அறிவிக்கச் சொல்கிறான். அந்த அழைப்பு பியங்குதீவில் கேட்கிறது. அங்கிருந்து ஒரு தேரர் வான்வழியே வந்து பாத்திரத்தில் உணவை ஏற்றுச் செல்கிறார். அடுத்த அதிகாரத்தில் அதே தீவிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள். பசித்த வேளையில் கையிலிருந்த ஒரே சோற்றைப் பெற்றவர்களின் இருப்பிடம்தான் உறக்கமற்ற வேளையில் ஆறுதலை அனுப்பி வைக்கிறது.

இதே தீவு மூன்றாம் முறையும் வருகிறது, 32ஆம் அதிகாரத்தில், அரசனின் மரணப் படுக்கையருகே. புண்ணியக் கணக்கேடு கொண்டுவரப்பட்டு எழுத்தன் உரக்கப் படிக்கிறான்: 99 விகாரைகள், 19 கோடியில் மிரிசவெட்டிய, 30 கோடியில் லோகபாசாதம், பிறகு மகாதூபி. அரசனோ, செழிப்பில் கொடுத்தவை என்னை மகிழ்விக்கவில்லை, நெருக்கடியில் உயிரைப் பொருட்படுத்தாமல் கொடுத்த இரண்டு கொடைகளே மகிழ்விக்கின்றன என்கிறான். ஒன்று பஞ்ச காலத்தில் ஐந்து தேரர்களுக்கு அளித்த தினைக்கூழ். மற்றொன்று சூளங்கணியத்திலிருந்து தப்பி ஓடியபோது பியங்குதீவுத் தேரருக்கு இட்ட உணவு. தோல்வி, வெற்றி, மரணம் ஆகிய மூன்று தருணங்களிலும் ஒரே தீவு. இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அரகந்தரின் தேறுதல் சொற்களும் இதோடு பொருந்துகின்றன. ஒன்றரை மனிதர் கணக்கோடு அவை நிற்கவில்லை. நீ புத்த சாசனத்தைப் பலவாறு ஒளிரச் செய்யப்போகிறாய், ஆகவே கவலையை விடு என்றே முடிகின்றன. கடந்த காலத்துக்கான மன்னிப்பு, எதிர்காலத் திருப்பணிக்கான முன்பணமாகிவிடுகிறது.

சூளங்கணியத்தில் மாண்டவர்களுக்காக அரசனுக்கு உறக்கம் கெட்டதாக நூல் சொல்லவில்லை. அவர்கள் அவனுடைய சொந்த ஆட்கள்; பௌத்த மண்ணின் மைந்தர்கள். உயிர்க்கொலை ஆசிரியரை உறுத்தியிருந்தால் முதலில் அங்கேதான் உறுத்தியிருக்க வேண்டும்.

ஒன்றரை மனிதர் கணக்கை நூலே வேறோரிடத்தில் மறுக்கிறது. எல்லாளனின் நீதியை 21ஆம் அதிகாரம் விரித்துச் சொல்கிறது. 44 ஆண்டு ஆண்டவன், கன்றைக் கொன்ற தன் மகனையே தேர்க்காலில் இட்டவன், தேர் பட்டு ஒரு தூபியின் பதினைந்து கற்கள் பெயர்ந்தபோது தன் தலையைக் கேட்டவன். அவன் பொய்க்காட்சியை விடவில்லை என்றும் நூல் வெளிப்படையாகச் சொல்கிறது. அரகந்தரின் அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் எல்லாளனும் விலங்குக் கூட்டத்தில் ஒருவன். ஆனால் அதே 25ஆம் அதிகாரத்தில் துட்டகைமுனு அவன் விழுந்த இடத்திலேயே எரியூட்டி, நினைவுச்சின்னம் எழுப்பி, வழிபாடு செய்ய ஆணையிடுகிறான். அவ்வழியே செல்லும் அரசர்கள் தம் காலத்திலும் இசையை நிறுத்துகிறார்கள் என்று ஆசிரியர் சேர்க்கிறார். ஒரு விலங்குக்கு யாரும் சேதியம் கட்டுவதில்லை. இதை வீரமரபு என்று சொல்லி இரு பகுதிகளையும் ஒட்டவைக்கும் முயற்சிகள் எனக்குத் திருப்தி தரவில்லை. ஒன்று போர் மரபிலிருந்து வந்த செய்தி. மற்றது ஒரு தேவைக்காகப் புகுத்தப்பட்ட தீர்ப்பு. போரின் எல்லைக்கோடும் அத்தனை தெளிவாக இல்லை. துட்டகைமுனுவின் பத்துப் பெருவீரர்களில் ஒருவனான நந்திமித்தன், எல்லாளனின் சேனாபதி மித்தனுடைய சகோதரி மகன்.

என் வாசிப்புக்கு எதிராகக் காட்டப்படக்கூடிய வலுவான சான்று இந்த அதிகாரத்தின் இறுதிப் பாடலே. ஆசைக்காகக் கொல்லப்பட்ட எண்ணிலா மனிதரையும் அதன் தீவினையையும் எண்ணிப் பார்ப்பவன், எல்லாரையும் கொல்லும் நிலையாமையையும் எண்ணினால் துன்பத்திலிருந்து விடுபடுவான் என்பது அதன் சாரம். மாண்டோர் இங்கே மனிதர்; காரணம் ஆசை. அரகந்தர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் இது நேர்மாறு. நூலின் உண்மையான குரல் இதுதான் என்று இரண்டாம் சாரார் சொல்வார்கள். ஆனால் இந்தப் பாடல் யாரை நோக்கிப் பேசுகிறது? அரசனை நோக்கிப் பேசவில்லை. நூலைக் கேட்கும் நல்லோருக்கு அமைதியும் உள்ளக் கிளர்ச்சியும் தருவதற்காக ஒவ்வோர் அதிகாரத்தின் இறுதியிலும் வரும் பாடல் வரிசையில் இதுவும் ஒன்று. மாண்டோரை எண்ணித் தியானிக்கச் சொல்கிறது. அவர்களுக்கு யாரும் எதையும் ஈடுசெய்யச் சொல்லவில்லை. இந்தப் பாடல் உறுதிப்படுத்துவது வேறொன்றை: தொகுத்தவருக்கு உண்மை தெரிந்திருந்தது. இறந்தவர்கள் மனிதர்கள் என்று அறிந்தவரே அவர்களை ஒன்றரையாகக் குறைக்கும் தேறுதலையும் ஏட்டில் இருத்தியிருக்கிறார். அறியாமை என்ற சலுகையை அவருக்கு நாம் தர முடியாது.

கோட்பாட்டு அடிப்படையைத் தேடுவோர் உரைநூல்களைக் காட்டுவர். கொல்லப்பட்டவரின் குணம் குறையக் குறையக் கொலையின் பழியும் குறையும் என்று, 5ஆம் நூற்றாண்டில் மகாவிகாரையில் எழுதிய புத்தகோசரின் உரைகள் தரப்படுத்துவது உண்மை. ஆனால் குறைவது வேறு, இல்லாமற்போவது வேறு. சொர்க்கத்துக்குத் தடையே இல்லை என்று அரகந்தர் சொல்வதற்கு அந்த உரைகள் இடம் தரவில்லை. சங்யுத்த நிகாயத்தில் போர்வீரர் தலைவன் ஒருவன் கேட்கும் கேள்விக்குப் புத்தர் விடை சொல்லத் தயங்கி, மறுத்து, வற்புறுத்தலின் பின் சொல்வது, பிறர் சாக வேண்டுமென்ற எண்ணத்தோடு களத்தில் மடிபவனுக்கு வாய்ப்பது நரகம் என்பதே. ஆகவே பௌத்தக் கோட்பாட்டிலிருந்து இந்தத் தேறுதல் இயல்பாக முளைத்தது என்ற கருத்து ஏற்கத்தக்கதாக இல்லை. அசோகனோடு ஒப்பிடுவதும் இங்கே உடைகிறது. ஒரு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் பெயர்த்துச் செல்லப்பட்டனர் என்று 13ஆம் பாறைச் சாசனம் தானே எண்ணிக்கையைச் சொல்லி வருந்துகிறது. அந்த எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்ல அங்கே யாரும் வரவில்லை.

மகாவம்சம் எழுந்த மடமான மகாவிகாரைக்கு இந்தக் கதை ஏன் தேவைப்பட்டது? வழக்கமான விடை தமிழர் அச்சம். 5ஆம் நூற்றாண்டில் பாண்டு என்ற தமிழ் மன்னனும் அவன் வழிவந்தோரும் அனுராதபுரத்தை ஆண்டது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அந்த மன்னர்களில் சிலர் பௌத்த நிறுவனங்களுக்குக் கொடையளித்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன என்பதே இதற்குப் போதிய மறுமொழி. மகாவிகாரையின் நினைவில் ஆறாத புண் வேறு. பௌத்த மன்னன் மகாசேனனின் காலத்தில் மகாவிகாரை ஒன்பது ஆண்டு வெறிச்சோடிக் கிடந்தது. லோகபாசாதம் இடிக்கப்பட்டு, அதன் பொருள்கள் போட்டி மடமான அபயகிரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பழைய மகாவம்சம் 37ஆம் அதிகாரத்தில் மகாசேனனோடு முடிகிறது. இடிக்கப்பட்ட லோகபாசாதம் துட்டகைமுனு கட்டியது. அந்த இடிபாடுகளை மறக்காத ஒரு மடத்திலிருந்து எழுதும் ஒருவர், வருங்கால அரசர்களுக்கு எத்தகைய முன்மாதிரியைத் தேர்வார்? போரில் எத்தனை பேரைக் கொன்றாலும் தேற்றிவிடுவோம், எங்கள் பங்கை மறந்தால் மட்டும் விகாரை கட்டித் தீர்க்க வேண்டும் என்ற முன்மாதிரியைத்தான். மகாவம்சத்துக்கு முந்திய வரலாற்று நூலான தீபவம்சம் எல்லாளனின் நீதியையும், 32 அரசரைக் கொன்று 24 ஆண்டு ஆண்ட அபயன் எனப்படும் துட்டகைமுனுவையும் சில பாடல்களில் கடந்துபோகிறது. தேறுதல் காட்சி அதில் இல்லை. மகாவம்சமோ 22 முதல் 32 வரை பதினொரு அதிகாரங்களை அவனுக்கு ஒதுக்குகிறது. அவற்றின் பிற்பாதி பெரும்பாலும் கட்டடப் பணிகளின் வரலாறு.

சங்கத்துக்குக் கொடுத்து உண்பது பௌத்த இலக்கியத்தின் பொதுக்கூறு, அதில் தனிப்பொருள் காண வேண்டாம் என்று ஒரு மறுப்பு உண்டு. பொதுக்கூறுதான். கொலைத் தேறுதலை அடுத்து, இடைவெளியின்றி அதை வைத்தது பொதுக்கூறு அல்ல.

இந்த வாசிப்பு தேறுதல் சொற்களின் நஞ்சை நீர்க்கச் செய்வதாக எவரும் கருதலாகாது. அளவுகோல் இனம் அன்று, சரணமும் சீலமுமே என்று சொல்லி நூலை விடுவிக்க முயல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. அதே அதிகாரம் எதிரிகளைத் தமிழர் என்றே திரும்பத் திரும்பப் பெயரிடுகிறது. கேட்பவனுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதை ஆசிரியர் அறியாதவர் அல்லர். சொற்கள் தம் மடத்தை விட்டு வெளியேறிய பிறகு என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சான்றுகள் இருக்கின்றன. இலங்கைத் தரைப்படையின் ஒரு படைப்பிரிவு 1962 முதல் கெமுனு என்று துட்டகைமுனுவின் பெயரைத் தாங்குகிறது. 2017 அக்டோபரில், ரோகிங்கியர் இலட்சக்கணக்கில் வங்கதேசத்துக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, மியான்மரின் புகழ்பெற்ற துறவியான சிதகு சயாடோ கயின் மாநிலத்தில் படை அதிகாரிகள் முன் நிகழ்த்திய உரையில் இந்த ஒன்றரை மனிதர் கதையை எடுத்துச் சொன்னார். அனுராதபுரத்தின் ஒரு மடம் தன் பங்குக்காக எழுதிய ஏற்பாடு, 1500 ஆண்டுக்குப் பின் வேறொரு நாட்டின் பாசறையில் தனித்து நின்று பேசியது.

மகாவம்சத்தின் ஆசிரியராகக் கருதப்படும் மகாநாமர் பயன்படுத்திய பழைய சிங்கள அட்டகதை இன்று கிடைக்கவில்லை. தேறுதல் காட்சி அவர் சேர்த்ததா, முன்னோர் சேர்த்ததா என்ற விவாதம் அதனால் தொடரும். என் வாதம் அந்த விடையைச் சார்ந்திருக்கவில்லை. யார் முதலில் சொல்லியிருந்தாலும், படைகளின் சாவையும் மிளகுக்காயையும் ஒரே இரவில் அடுத்தடுத்து நிறுத்திய வரிசை நம் கையிலிருக்கும் நூலில் இருக்கிறது. மரணப் படுக்கையில் படிக்கப்பட்ட ஏட்டில் இறந்தவர்களுக்கு ஒரு வரியும் ஒதுக்கப்படவில்லை.