சாட்சிக் கூண்டில் சொல்வது நமக்கே எதிராகத் திரும்புமா?

போர் முடிந்து பல ஆண்டுகளான பின்னரும் வடக்கு, கிழக்கில் பலர் சாட்சி சொல்ல நீதிமன்றப் படியேறத் தயங்குகிறார்கள். இராணுவத்திடம் சரணடைந்த கணவனைத் தேடி மனைவி ஒருவர் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடவே சரணடைந்த ஒருவர்தான் அவருக்கு முக்கிய சாட்சி. "அப்போது நீர் இயக்கத்தில் இருந்தீரா?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டால் அவர் என்ன செய்வது? பதில் சொல்லாமல் இருக்கலாம் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சட்டத்தின்படி, கேட்கப்படுபவர் எதிரியா, சாட்சியா, பொலிஸ் விசாரணையில் இருப்பவரா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

எதிரியாக நிற்பவர்

குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரை அவருடைய சொந்த வழக்கில் சாட்சியமளிக்கும்படி யாரும் வற்புறுத்த முடியாது. அவர் மௌனமாக இருக்கலாம். எதிரிக் கூண்டில் நின்றபடி சத்தியம் செய்யாமல் கூற்று ஒன்றை வழங்கலாம். விரும்பினால் சாட்சிக் கூண்டில் ஏறிச் சாட்சியமளிக்கலாம். அப்படி ஏறினால் குறுக்கு விசாரணைக்கு முகங்கொடுத்தே ஆகவேண்டும்.

சாட்சியாக அழைக்கப்பட்டவர்

1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 132 ஆம் பிரிவு இங்குதான் வருகிறது. வழக்குடன் தொடர்புடைய கேள்விக்கு, "பதில் சொன்னால் நான் குற்றவாளியாகிவிடுவேன்" என்ற காரணத்தைக் காட்டிச் சாட்சி ஒருவர் பதில் சொல்லாமல் விட முடியாது. குடியியல் வழக்கானாலும் குற்றவியல் வழக்கானாலும் இதுவே விதி.

அதற்கு ஈடாகச் சட்டம் ஒரு பாதுகாப்பையும் தருகிறது. நீதிமன்றம் கட்டாயப்படுத்தியதால் சொன்ன பதிலை வைத்து அவரைக் கைது செய்யவோ, அவர்மீது வழக்குத் தொடரவோ, அதைப் பின்னர் அவருக்கு எதிராக நிரூபிக்கவோ முடியாது. பொய்ச்சாட்சியம் சொன்னதற்கான வழக்கு மட்டும் விதிவிலக்கு.

"கட்டாயப்படுத்தியதால்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கேட்டவுடன் தாமாகவே சொல்லிவிட்ட பதிலுக்கு இந்தப் பாதுகாப்பைக் கோருவது கடினம். ஆகவே பதில் சொல்லுமுன், அது தம்மைக் குற்றத்தில் மாட்டக்கூடியது என்பதைச் சாட்சி நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த ஆட்சேபமும் நீதிமன்றத்தின் கட்டளையும் வழக்கேட்டில் பதியப்பட வேண்டும். அதே சம்பவம் குறித்து வேறு வழியில் கிடைக்கும் சான்றுகளை இந்தப் பாதுகாப்பு தடுக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பொலிஸ் விசாரணையில் இருப்பவர்

சாதாரண சட்டத்தின் கீழ் இங்கே பாதுகாப்பு கூடுதல். தம்மைக் குற்றச்சாட்டுக்கு உள்ளாக்கக்கூடிய கேள்விகளுக்குப் பொலிசாரிடம் பதில் சொல்லும் கடப்பாடு ஒருவருக்கு இல்லை என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவு கூறுகிறது. பொலிஸ் அலுவலரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு.

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்தச் சுவரை இடித்துவிட்டது. அதன் 16 ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அலுவலரிடம் அளித்த ஒப்புதல் சான்றாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் பொறுப்பு எதிரியின் தலையில் விழுகிறது. இச்சட்டத்தின் கீழான குற்றம் ஒன்றை அறிந்தும் பொலிசுக்கு அறிவிக்காமல் இருப்பதே 5 ஆம் பிரிவின் கீழ் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2022 இல் செய்யப்பட்ட திருத்தமும் 16 ஆம் பிரிவைத் தொடவில்லை.

சிங்கராசா வழக்கு

இதன் விளைவைக் காட்டும் வழக்கு இது. 1993 இல் கைதான சிங்கராசாவுக்கு 1995 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. அவருக்கு எதிரான சான்று ஒப்புதல் வாக்குமூலம் மட்டுமே. அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்த மொழியை வாசிக்கத் தெரியாத அவர் அதில் பெருவிரல் அடையாளம் இட்டிருந்தார். மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரரே.

ஒருவரைத் தமக்கு எதிராகவே சாட்சியமளிக்கவோ குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 14 ஆம் உறுப்புரை சொல்கிறது. நிரூபிக்கும் பொறுப்பை எதிரிமீது சுமத்தியதன் மூலம் இலங்கை அதை மீறியது என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004 இல் முடிவு செய்தது. எனினும் அந்தக் குழுவின் கருத்து உள்நாட்டில் பிணிக்காது என்று உயர் நீதிமன்றம் 2006 இல் மனுவை நிராகரித்தது.

செய்ய வேண்டியவை

அழைப்பாணை கிடைத்தால் புறக்கணிக்க வேண்டாம். வராத சாட்சிக்குப் பிடியாணை பிறப்பிக்கப்படலாம். வழக்குத் திகதிக்கு முன்பே சொந்தமாகச் சட்டத்தரணி ஒருவரைக் கலந்து பேசி, ஆபத்தான கேள்விகள் எவை என்று கேட்டு வையுங்கள். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். விளங்காத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்தோ விரலடையாளமோ வைக்க வேண்டாம்.