டிராம் கண்டக்டருக்கு ஒரு கடிதம்

அலெக்சாண்ட்ரியா என்றதும் உங்களுக்கு கிளியோபாட்ரா ஞாபகம் வரும். வரட்டும். நான் சொல்ல வந்தது ஒரு டிராம் கண்டக்டரைப் பற்றி.

1915, முதல் உலகப் போர். இ.எம்.ஃபார்ஸ்டர் என்கிற ஆங்கிலேய எழுத்தாளர் செஞ்சிலுவைச் சங்க வேலையாக அந்த எகிப்தியக் கடற்கரை நகரத்தில் வந்து இறங்குகிறார். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், காணாமல்போன சிப்பாய்களைப் பற்றி காயம்பட்டவர்களிடம் விசாரிக்க வேண்டும். ஊரில் கிரேக்கர், இத்தாலியர், யூதர் எல்லோரும் உண்டு. பாசன இலாகாவில் குமாஸ்தா வேலை பார்த்த கிரேக்கக் கவிஞர் கவாஃபி நண்பரானார். 1919-ல் அவரைப் பற்றி எழுதி ஆங்கிலேயர்களுக்கு அறிமுகப்படுத்தியது நம்ம ஃபார்ஸ்டர்தான்.

கண்டக்டர் பெயர் முகமது எல் அட்ல். ஃபார்ஸ்டரிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுத்தார். பழக்கம் காதலானது. ஒருவர் ஆளும் இனம், இன்னொருவர் ஆளப்படும் இனம். போதாததற்கு இருவரும் ஆண்கள். வெளியே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்!

1919 ஜனவரியில் ஃபார்ஸ்டர் ஊர் திரும்பினார். எகிப்தில் கலகம் வெடித்தது. துப்பாக்கி வாங்க முயன்றதாக முகமதுவுக்கு ஜெயில். கல்யாணம் செய்துகொண்டிருந்த அவர், தன் மகனுக்கு வைத்த பெயர் மார்கன். அது ஃபார்ஸ்டரின் பெயர்!

1922-ல் காசநோய் முகமதுவைக் கொண்டுபோனது. பாதியில் கிடந்த 'எ பாசேஜ் டு இந்தியா' 1924-ல் வெளிவந்தது. ஆங்கிலேயனும் இந்தியனும் நண்பர்களாக இருக்க முடியுமா என்று கேட்கிற நாவல். எனக்கென்னவோ அதில் அந்த டிராம் சத்தமும் கேட்கிறது.

முகமது இறந்த வருஷமே, அவருக்கு ஃபார்ஸ்டர் ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்தது 1929 டிசம்பரில்.