அலெக்சாண்ட்ரியா வழக்கு டெல்லி வந்த வழி

1958 ஜூன் 10 அன்று நியூயார்க்கில் ஐ.நா. மாநாடு ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதன்படி, ஒரு நாட்டில் சொல்லப்பட்ட நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டு நீதிமன்றம் ஏற்று நிறைவேற்ற வேண்டும். ஐந்தாம் பிரிவில் உள்ள காரணங்கள் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். இந்த உடன்படிக்கைக்கு வடிவம் கொடுத்ததில் பெரும்பங்கு நெதர்லாந்துப் பேராசிரியர் பீட்டர் சாண்டர்ஸுடையது. இந்தியா அன்றே கையெழுத்திட்டது.

ஆனால் உடன்படிக்கைக்கு விளக்கம் சொல்லத் தனி நீதிமன்றம் ஏற்படுத்தப்படவில்லை. ஐந்தாம் பிரிவில் உள்ள 'பொதுக் கொள்கைக்கு முரண்' என்ற காரணத்தை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி நீட்டிக்கொண்டே போனால் உடன்படிக்கையில் எதுவும் மிஞ்சாது. இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 1976இல் சாண்டர்ஸ் தொடங்கிய 'இயர்புக் கமர்ஷியல் ஆர்பிட்ரேஷன்' என்ற ஆண்டிதழ். பல நாட்டு நீதிமன்றங்கள் இந்த உடன்படிக்கையை எப்படிப் பொருள்கொண்டன என்பதை ஆங்கிலத்தில் ஆண்டுதோறும் திரட்டித் தந்தது. ரகசியமாக நடந்த நடுவர் விசாரணைகளின் தீர்ப்புகளையும் தரப்பினரின் பெயர்களை நீக்கி வெளியிட்டது. பொறுமையான, புகழ் சேர்க்காத உழைப்பு. சட்டத்துறை அதற்குப் பட்டிருக்கும் கடன் பெரிது.

முதல் தொகுதியிலேயே பார்சன்ஸ் வழக்கு இடம்பெற்றது. எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் அட்டை ஆலை கட்டிக்கொண்டிருந்த பார்சன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1967 போரை ஒட்டி வேலையைப் பாதியில் விட்டது. நடுவர்கள் எகிப்தியத் தரப்புக்கு இழப்பீடு அளித்தார்கள். 'எகிப்து எங்கள் நாட்டோடு உறவை முறித்துக்கொண்டது. இந்தத் தீர்ப்பை நிறைவேற்றுவது அமெரிக்கப் பொதுக் கொள்கைக்கு விரோதம்' என்று நிறுவனம் வாதிட்டது. 1974இல் நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசாங்கங்களின் பூசல் வேறு, பொதுக் கொள்கை வேறு. அறத்தையும் நீதியையும் பற்றிய அடிப்படை உணர்வே புண்படும்போதுதான் மறுக்கலாம் என்றது. தன் நாட்டு நிறுவனத்துக்கு எதிராகவே அதைச் சொன்ன துணிவு என்னை வியக்க வைக்கிறது.

ஆண்டிதழில் சேர்ந்துகொண்டே வந்த வழக்குகளை அலசி ஆல்பர்ட் யான் வான் டென் பெர்க் 1981இல் ஒரு நூல் எழுதினார். பின்னாளில் இதழின் ஆசிரியரானவரும் அவரே.

1993 அக்டோபரில் டெல்லி உச்ச நீதிமன்றத்தில் ரேணுசாகர் வழக்கு முடிவுக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தில் ரேணுசாகர் நிறுவனத்தின் அனல்மின் நிலையத்துக்கு ஜெனரல் எலக்ட்ரிக் தந்த இயந்திரங்களுக்கான பணமும் வட்டியும்தான் தகராறு. வட்டிக்கு வட்டி தரச் சொல்வது பொதுக் கொள்கைக்கு முரண் என்பது ரேணுசாகரின் வாதங்களுள் ஒன்று. நீதிமன்றம் பார்சன்ஸ் தீர்ப்பையும் வான் டென் பெர்க்கின் நூலையும் எடுத்துக்காட்டி, ஜெனரல் எலக்ட்ரிக்குக்குச் சாதகமான நடுவர் தீர்ப்பை நிறைவேற்றச் சொன்னது. இந்தியச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை, நாட்டின் நலன், நீதி அல்லது அறம் என்ற மூன்றுக்குள் பொதுக் கொள்கையை அடக்கியது. 1995இல் வந்த இருபதாம் தொகுதியில் அந்தத் தீர்ப்பும் அச்சேறியது.

இடையில் இந்தியா தடம் மாறியதும் உண்டு. 2011இல் உச்ச நீதிமன்றமே பொதுக் கொள்கைக்கு அகன்ற பொருள் கொடுத்து, அதை வெளிநாட்டுத் தீர்ப்புகளுக்கும் பொருத்தியது. 2013இல் லால் மகால் வழக்கில் அந்த நிலையைக் கைவிட்டு, ரேணுசாகர் அளவுகோலுக்கே திரும்பியது.